முள்வேலிக் காசு

பணம் என்பது ஒரு வாக்குறுதி. இத்தாளைக் கொண்டுவருபவனுக்கு இன்ன மதிப்புள்ள பொருள் கிடைக்கும் என்று ஓர் அரசு உலகறிய எழுதிக் கொடுக்கும் முறியே பணத்தாள். அந்த வாக்கை நம்பித்தான் உழைப்பவன் தன் வியர்வையை விற்கிறான். வணிகன் தன் சரக்கை அளந்து கொடுக்கிறான். ஆனால் இவ்வுலகில் வேறொரு வகைப் பணத்தாளும் அச்சாகியிருக்கிறது. அதன் வாக்குறுதி முள்வேலி வரைதான் செல்லும். வேலியைத் தாண்டினால் அது வெறுங் காகிதம். போர்க்கைதிகளின் முகாம்களிலும், குடிமக்களை அடைத்து வைத்த தடுப்பு முகாம்களிலும் புழங்குவதற்கென்றே அச்சிடப்பட்ட தாள்கள் அவை.

இத்தாள்களைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் இருக்கின்றனர். விலைப்பட்டியல்கள் இருக்கின்றன, ஏலங்கள் நடக்கின்றன. தபால்தலை சேர்ப்பது போல, பழங்காசு சேர்ப்பது போல இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்கின்றனர். சேர்ப்பதை நான் குறை கூற வரவில்லை. எப்படிச் சேர்க்கின்றனர், எதை மதிப்பு என்று கருதுகின்றனர், எதை வீசி எறிந்துவிட்டு எதை ஏட்டில் ஒட்டுகின்றனர் என்பவை பற்றியே என் வழக்கு. மலாயாத் தமிழனுக்கும் இவ்வழக்கில் பங்குண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் இக்காசு ஏன் பிறந்தது என்று பார்ப்போம். 1899, 1907 ஆகிய ஆண்டுகளில் ஹேகு நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகள், போர்க்கைதியிடம் வேலை வாங்கினால் கூலி தரவேண்டும் என்றன. 1929-இல் ஜெனிவாவில் உருவான உடன்படிக்கை, கைதி தன் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய ரொக்கத்துக்கு உச்சவரம்பு விதிக்கலாம் என்றும், மிஞ்சிய தொகையை அவன் பெயரில் வரவு வைக்கவேண்டும் என்றும் கூறிற்று. கேட்பதற்கு அறமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைதியைக் காப்பவனின் நெஞ்சில் எழும் அச்சம் வேறு. நாட்டின் நல்ல பணத்தைக் கொடுத்தால் கைதி அதை என்ன செய்வான்? காவலனுக்குக் கையூட்டுக் கொடுப்பான், தப்பி ஓடும் வழியில் இரயில் சீட்டு வாங்குவான், சோறு வாங்குவான், வேற்று உடை வாங்குவான். ஆகவே கூலியும் கொடுத்ததாக இருக்கவேண்டும், அக்கூலி கைதிக்கு வெளியுலகில் உதவாததாகவும் இருக்கவேண்டும். இந்தச் சூழ்ச்சியின் பிள்ளைதான் முகாம்க் காசு.

முதலாம் உலகப் போரில் ஜெர்மனியின் கைதி முகாம்கள் பலவும் தத்தம் பெயரிலேயே தாள் அச்சிட்டன. இரண்டாம் உலகப் போரில் அந்நாடு முகாம்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரே வகைத் தாளை வெளியிட்டது. ஒரு பென்னிக் முதல் பத்து மார்க் வரை அதில் பல மதிப்புகள் இருந்தன. பார்வைக்குப் பணம்; பயனில் பூட்டு. கால்விலங்கு இரும்பால் ஆனது. இவ்விலங்கு காகிதத்தால் ஆனது. வேறுபாடு அவ்வளவே.

இந்தப் பூட்டின் உண்மை மதிப்பைக் கைதிகளே நமக்குச் சொல்லியிருக்கின்றனர். ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து மீண்ட ஆர். ஏ. ராட்ஃபோர்ட் என்னும் பொருளியலாளர், 1945-இல் ‘எக்கனாமிக்கா’ என்னும் ஆய்விதழில் கைதி முகாமின் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் கல்லூரிகளில் படிக்கப்படும் கட்டுரை அது. அங்கே உண்மையான பணமாக விளங்கியது சிகரெட்டு. ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் பாலுக்கும் சிகரெட்டில்தான் விலை கூறினர். முகாம் கொடுத்த மார்க் தாளோ சூதாட்டக் கடனைத் தீர்க்க மட்டுமே உதவிற்று. ஏனெனில் அதைக் கொண்டு வாங்குவதற்கு முகாம்க் கடையில் பொருளில்லை. பின்னர்க் கைதிகள் தாங்களே ஒரு கடையும் உணவகமும் நடத்தி, இருப்பிலுள்ள உணவை ஈடாகக் காட்டித் தாள் வெளியிட்டனர். அந்தத் தாளைச் சிலகாலம் மக்கள் நம்பினர். காவலன் அச்சிட்ட தாளை நம்பாதவர்கள் சக கைதி எழுதிய தாளை நம்பினர் என்றால், பணத்தின் உயிர் அச்சில் இல்லை, சொல்லைக் காப்பாற்றும் நாணயத்தில்தான் இருக்கிறது என்பது விளங்கவில்லையா? ‘நாணயம்’ என்னும் ஒரே சொல்லைக் காசுக்கும் நேர்மைக்கும் வைத்த நம் மொழிக்கு இது புதிய செய்தியன்று.

இனி, சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்பித் தேடும் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். செக் நாட்டுத் தெரேசியன்ஸ்டாட் என்னும் கோட்டை நகரில் நாஜிகள் யூத மக்களை அடைத்து வைத்தனர். அங்கே 1943 சனவரி முதல் நாள் தேதியிட்ட தாள்கள் வெளியாயின. ஒன்று முதல் நூறு வரை ஏழு மதிப்புகள். ஒவ்வொரு தாளிலும் பத்துக் கட்டளைகள் பொறித்த பலகைகளை ஏந்தி நிற்கும் மோசேயின் உருவம். யூதர் தலைவர் என்ற முறையில் யாக்கோப் எடல்ஸ்டைன் என்பவரின் கையொப்பம். ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்று கட்டளை வாங்கி வந்த தீர்க்கதரிசியின் படத்தைக் கொலைகாரர்களே அச்சிட ஆணையிட்டனர். இதைவிடக் கொடிய கேலி வேறு உண்டா?

அந்த நகரில் வங்கி என்று ஒன்று இருந்தது. கடை என்று சில இருந்தன. அக்கடைகளில் விற்கப்பட்டவற்றுள் பல, அங்கு வந்திறங்கிய மக்களிடமிருந்தே பறிமுதல் செய்யப்பட்ட பொருள்கள். தன் மேலங்கியைத் தானே வாங்கவேண்டிய நிலை. 1944 சூன் 23-ஆம் நாள் செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்து பார்த்தபோது ஒழுங்கான ஓர் ஊர் போல யாவும் காட்டப்பட்டன. அதற்கு மூன்று நாள் முன்னர்தான், பணத்தாளில் கையொப்பமிட்ட எடல்ஸ்டைன், தம் மனைவியும் மகனும் கண்ணெதிரே சுடப்பட்டதைக் கண்டபின், ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் தாமும் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தாளை வரைந்த ஓவியர் பீட்டர் கீன் கவிஞருமாவார். அவரும் அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆஷ்விட்ஸில் மாண்டார். கையொப்பமிட்டவரும் இல்லை, வரைந்தவரும் இல்லை. தாள் மட்டும் இருக்கிறது, கசங்காமல்!

கசங்காமல் இருக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டிய செய்தி. தெரேசியன்ஸ்டாட் தாள்கள் புதுக் கருக்கு அழியாமல் இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைப்பதற்குக் காரணம், அவை பெரிதும் புழங்கவே இல்லை என்பதுதான். வாங்கப் பொருளில்லாத இடத்தில் பணம் எங்கே புழங்கும்? ஆனால் சேகரிப்பாளரின் விலைப்பட்டியலைப் பாருங்கள். மடிப்பில்லாத, கறையில்லாத, மனிதக் கை படாத தாளுக்கே முதல் தரம். அழுக்கேறி, விளிம்பு கிழிந்து, விரல் தடம் பதிந்த தாளுக்குக் கடைத் தரம். சாதாரணப் பணத்தாளுக்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். முள்வேலிக் காசுக்கு இது தலைகீழ் நீதியன்றோ? புழங்காத தாள் ஏமாற்றுக்குச் சான்று. அழுக்கேறிய தாளோ ஒரு மனிதன் அதைப் பிடித்திருந்தான், எதையோ வாங்க முயன்றான், பசித்தான், நம்பினான் என்பதற்குச் சான்று. சான்றின் முகத்தில் இருக்கும் வடுவைக் குறை என்று கழிக்கும் நீதிமன்றம் எங்கேனும் உண்டா?

“தாளின் அழகும் அருமையும்தான் எமக்கு வேண்டும், அரசியலும் வரலாறும் எமக்கு எதற்கு?” என்பர் சிலர். இந்தக் கூற்று வெறும் அலட்சியம் என்று விட்டுவிடக் கூடியதன்று, ஆபத்தானது. யூத இனப் படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிக்கும் ஒரு கூட்டம் உலகில் இருக்கிறது. அவர்கள் எடுத்துக்காட்டும் ‘ஆதாரங்களுள்’ முகாம்க் காசும் ஒன்று. “பாருங்கள், கைதிகளுக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், கொல்ல நினைத்தவன் கூலி கொடுப்பானா?” என்று கேட்கின்றனர். நாஜிகளின் வதைமுகாம்களில் 1943 முதல் ஊக்கப் பரிசுச் சீட்டுகள் வழங்கப்பட்டது உண்மைதான். ஆனால் அவை ஏன் வழங்கப்பட்டன? போர்த் தொழிற்சாலைகளுக்கு அடிமை உழைப்பு மேலும் தேவைப்பட்டது. சாகும் கைதியிடமிருந்து சாகுமுன் கூடுதல் உழைப்பைப் பிழிய வேண்டியிருந்தது. இந்தக் காரணத்தோடு சேர்த்துக் காட்டினால் அச்சீட்டு குற்றவாளியைச் சுட்டும் சாட்சி. காரணத்தைக் கழற்றிவிட்டுத் தாளை மட்டும் காட்டினால் அதே சீட்டு குற்றவாளிக்குத் துணை நிற்கும் பொய்ச்சாட்சி. கதையில்லாத தாளை ஏட்டில் ஒட்டுபவன், தான் அறியாமலே பொய்யனுக்குப் படைக்கலம் செய்து கொடுக்கிறான். இதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

“அப்படியானால் இவற்றைச் சேர்ப்பதையே தடை செய்துவிடலாமே? துயரத்தை விலைபேசலாமா?” என்று நல்ல மனமுடையோர் சிலர் கேட்கின்றனர். அவர்கள் நோக்கம் தூயது. ஆனால் முடிவு தவறானது. போர் முடிந்த மறுநாள் இத்தாள்களைக் குப்பை என்றே உலகம் எண்ணிற்று. அரசுகள் எரித்தன, மக்கள் அடுப்பில் இட்டனர். அன்று கிறுக்கன் என்று பிறர் சிரிக்க, அவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்த தனி மனிதர்களும் இல்லையேல், இன்று நம் கைக்கு எட்டுவது மிகச் சிலவாகவே இருக்கும். சேர்ப்பவன் இன்றிச் சான்று இல்லை. ஆகவே சேர்ப்பதைத் தடுப்பதன்று நம் வேலை. சேர்ப்பவனுக்குக் கடமை ஒன்று உண்டென்று சொல்வதே வேலை.

முறையாகச் சேர்த்தால் ஒரு சிறு தாள் எவ்வளவு பேசும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஹே முகாம் ஓர் எடுத்துக்காட்டு. ஹிட்லருக்கு அஞ்சி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தவர்களையே, எதிரிநாட்டார் என்று ஐயுற்றுப் பிடித்து, ‘டுனேரா’ என்னும் கப்பலில் ஏற்றி 1940-இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிற்று ஆங்கில அரசு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வறண்ட சமவெளியில் உள்ள ஹே என்னும் ஊரில் அவர்கள் அடைக்கப்பட்டனர். 1941-இல் முகாமுக்கென்று தாள் அச்சிட்டபோது, அவர்களுள் ஒருவரான வியன்னா ஓவியர் ஜார்ஜ் டெல்ட்ஷர் அதை வரைந்தார். உள்ளூர்ச் செய்தித்தாளின் அச்சகத்தில் அது அச்சாயிற்று. தாளின் ஓரத்தில் முள்கம்பிச் சுருள் ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அச்சுருளே எழுத்து: ‘நாங்கள் இங்கிருக்கிறோம், ஏனென்றால் நாங்கள் இங்கிருக்கிறோம்’ என்று முடிவின்றிச் சுற்றி வருகிறது. ஆட்டு மந்தைப் படத்தில் ஆடுகளின் மயிருக்குள் குடில்களின் தலைவர் பெயர்கள் ஒளிந்துள்ளன. காரணமின்றி அடைக்கப்பட்டவன் தன் கோபத்தைக் காவலனின் அனுமதியோடே அச்சிட்டுவிட்டான்! சில திங்களிலேயே அரசு அத்தாளைத் திரும்பப் பெற்றது. இன்று அது பெருந்தொகைக்கு விலை போகிறது. அந்த விலை காகிதத்துக்கா? இல்லை. யார் வரைந்தார், யார் பெயர் ஆட்டின் மயிருக்குள் இருக்கிறது என்பதை எழுதி வைத்தோர் இருந்ததால் வந்த மதிப்பு அது. கதையை அழித்துவிட்டால் ஆட்டுப் படம் போட்ட சீட்டு மட்டுமே எஞ்சும்.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியர் இங்கு வெளியிட்ட தாளை நம் மக்கள் ‘ஜப்பான் காசு’ என்றும் ‘வாழைமர நோட்டு’ என்றும் அழைத்தனர். பத்து வெள்ளித் தாளில் குலை தள்ளிய வாழை நின்றது. ஜப்பானிய அரசு கேட்டவுடன் கொடுப்பதாக ஆங்கிலத்தில் வாக்களித்தது அத்தாள். நாளடைவில் வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினர். விலைவாசி வானைத் தொட்டது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்து அத்தாள் செல்லாது என்று அறிவித்தபோது, மூன்றரை ஆண்டு உழைப்பு ஒரே நாளில் சாம்பலாயிற்று. அது முகாம்க் காசு அன்று. நாட்டுப் பணம் என்றே வெளியிடப்பட்டது. ஆயினும் நாடே முள்வேலிக்குள் இருந்த காலத்தில் இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது?

அந்தக் காசில்தான் நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டி, தோட்டப்புறத் தமிழர்களைச் சயாமுக்கு இரயில் ஏற்றினர். ஆசைக்கு மசியாதவரை வலிந்து பிடித்து ஏற்றினர். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் இரயில் பாதை; 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அங்கே வேலை செய்த போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர்; அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் இவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கினர். அவர்களில் மாண்டவர் தொகை பல பத்தாயிரம். மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தையாயிரம் பேரளவில் போயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

வெள்ளைக் கைதியின் நிலை இன்பமானது என்று நான் சொல்லவில்லை. அவனும் எலும்புக்கூடாய்த்தான் நின்றான். ஜப்பான் 1929 உடன்படிக்கையில் கையொப்பமிட்டும் அதை உறுதி செய்யாத நாடு. ஆயினும் அக்கைதிக்குச் சொற்பக் கூலி ஒன்று கொடுக்கப்பட்டது. அதைக் கொண்டு அவன் வாத்து முட்டை வாங்கினான். அந்த முட்டை பல உயிர்களைக் காத்தது. அதிகாரிகள் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொதுநிதியாகத் திரட்டி நோயாளிகளுக்கு உணவு வாங்கினர். பூன்பொங் என்னும் சயாமிய வணிகர் உயிரைப் பணயம் வைத்து மருந்தும் கடனும் கொடுத்தார். அவர்களுள் மருத்துவர் இருந்தனர். இறந்தவர் பெயரை மறைவாக எழுதி வைத்தோர் இருந்தனர். ஆகவேதான் இன்று காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் நிற்கின்றன.

தமிழ்த் தொழிலாளிக்கு என்ன இருந்தது? அவன் போர்க்கைதி அல்லன். ஆகவே எந்த உடன்படிக்கையும் அவனைக் காக்கவில்லை. அவனுக்கு அதிகாரி இல்லை, பொதுநிதி இல்லை. வாந்திபேதி அவனை வாரிக்கொண்டு போன பிறகு, 1943-இன் நடுவில்தான் சாங்கியிலிருந்து மருத்துவம் அறிந்த கைதிகளை இரு பிரிவுகளாக அனுப்பினர். பெயர்ப்பட்டியல் வைப்பாரில்லை. முகாமுக்கென்று தாள் அச்சிட வேண்டுமானால், உள்ளே இருப்பவனை மனிதன் என்று ஒரு கணக்கிலாவது எழுதவேண்டும். சூழ்ச்சியாகவேனும் அவனுக்குக் கூலி பாக்கியுண்டு என்று ஒப்பவேண்டும். அந்தப் போலி மதிப்புக்கூட நம்மவனுக்குக் கிட்டவில்லை. உலகச் சேகரிப்பாளரின் ஏட்டில் ஜெர்மன் முகாமுக்குப் பக்கம் உண்டு. ஹே முகாமுக்குப் பக்கம் உண்டு. சயாம் காட்டுத் தமிழனுக்குப் பக்கம் இல்லை. அந்த வெற்றுப் பக்கமே நம் சான்று.

வெற்றுப் பக்கத்தை நிரப்பும் கடமை யாருடையது? பிறரைக் குற்றம் கூறி என்ன பயன்? வாழைமர நோட்டு நம் வீடுகளில் இருந்தது. பெட்டியடியில் கிடந்ததைப் பிள்ளைகள் கடை வைத்து விளையாடக் கொடுத்தோம். பழைய பொருள் வாங்குபவன் வந்தால் எடைக்குப் போட்டோம். அதைவிடக் கொடிது, அந்த நோட்டோடு ஒட்டியிருந்த கதையை நாம் கேட்காமல் விட்டது. எந்தத் தோட்டத்திலிருந்து போனார், யாரோடு போனார், எந்த முகாமில் இருந்தார், திரும்பியபோது மடியில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதினோர் மிகச் சிலர். 1943-இல் இருபது வயதாக இருந்தவர் இன்று இருந்தால் நூறு வயதைக் கடந்திருப்பார். கேட்பதற்கு இனி ஆளில்லை. ஆனால் அவர் தம் பிள்ளைக்குச் சொன்ன சொல் இன்னும் சில நெஞ்சங்களில் இருக்கிறது. அதுவும் போய்விட்டால்?

2023-இல் காஞ்சனபுரியில் சயாம் பாதையில் மாண்ட தமிழர்க்கு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டு கழித்து எழுந்த கல். போற்ற வேண்டிய செயல். ஆனால் நம் முன்னோர் நட்ட கற்களில் மாண்டவன் பெயரும் பீடும் பொறிக்கப்பட்டன. இக்கல்லுக்குக் கொடுக்க நம்மிடம் எத்தனை பெயர்கள் இருக்கின்றன?

ஆகவே சேகரிக்கும் அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, தாளை வாங்கும்போது அது யார் கையிலிருந்து வந்தது, அவர் யார் கையிலிருந்து பெற்றார் என்பதைக் கேட்டு, தாளோடு சேர்த்து எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். விலையேற்றக் கதை கட்டாதீர்கள். போலித் தாளும் கட்டுக்கதையும் சேர்ந்தே பிறக்கின்றன. இரண்டாவது, ஒரு குடும்பத்திலிருந்து நோட்டும் கடிதமும் படமும் ஒன்றாக வந்தால் அவற்றைப் பிரித்து விற்காதீர்கள். கட்டைப் பிரித்தால் கதை செத்துவிடும். மூன்றாவது, பகிர்ந்து வையுங்கள். தாள் உங்களுடையதாக இருக்கட்டும். அதன் படமும் வரலாறும் நூலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் இருக்கட்டும். இருப்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்த சான்று, சான்று ஆகாது. இன்னொரு கைதியே ஆகும்.

சேகரிக்காத அன்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் ஒரு வாழைமர நோட்டு கிடக்கலாம். விலைபோகுமா என்று கேட்குமுன், அது யாருடைய கூலி என்று கேளுங்கள். விடை தெரிந்தவர் வீட்டில் எவரேனும் இருந்தால் இன்றே உட்கார்ந்து எழுதுங்கள். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் விடுபடாமல் எழுதுங்கள். அந்தத் தாள் அன்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. அதை நம்பிப் போனவனுக்கு நாம் பட்ட கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவன் பெயரை எழுதி அதைத் தீர்ப்போம்.